டிஎஸ்எச் ஏறியிருக்கிறது என்றால் அம்மாவின் தைராய்டு இறங்கியிருக்கிறது

கேள்வி: அம்மாவுக்கு 51 வயது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, மஞ்சக்குப்பம் பக்கம் தெருத்தெருவாகக் கூடையில் விற்பார். இரண்டு வருடம் முன்பு டிஎஸ்எச் 38 என்று வந்தது. 75 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதத்தில் 2.6 ஆனது. "நார்மல்னு போட்டிருக்கே, இனி எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். இப்போது ஒரே களைப்பு, மலச்சிக்கல், முகம் உப்பியிருக்கிறது, குரல் கரகரவென்று மாறிவிட்டது. தெருவில் கூவினால் வாடிக்கைக்காரர்களே சளி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். போன வாரம் டிஎஸ்எச் 54. ஹார்மோன் அதிகம் என்று ரிப்போர்ட் சொல்லும்போது மேலும் ஹார்மோன் மாத்திரை எதற்கு? தினமும் கடல் மீன் சாப்பிடுகிற வீட்டில் தைராய்டு எப்படி வரும்? ஆயுசுக்கும் மாத்திரைதானா? பழைய பாட்டிலில் மாத்திரை மீதி இருக்கிறது, நாளைக்கே ஆரம்பித்துவிடலாமா? மற்றபடி வேறு மருந்து இல்லை, மூட்டு வலிக்கு மட்டும் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறார், ஏழெட்டு மாதமாக. அதைப் போட்டால்தான் நடக்க முடிகிறது. அதனால் தொந்தரவு எதுவும் இல்லை.

பதில்:

தம்பி, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது. அந்த செட் மாத்திரை. அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். பழைய பாட்டிலைத் திறந்து நாளைக்கே தைராய்டு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம். செட் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் சண்டையும் போட வேண்டாம். இரண்டையும், ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், மஞ்சக்குப்பத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம். அதற்குள் அம்மா எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தியும் தலைசுற்றலுமாகச் சுருண்டு படுத்தாலோ வாரம் எல்லாம் பார்க்காதீர்கள், அப்போதே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட்.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. பெயரில் தைராய்டு இருப்பதால் எல்லோருக்கும் வருகிற குழப்பம்தான் இது, நீங்கள் மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. தைராய்டு சுரப்பது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களை. டிஎஸ்எச் வருவது மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், ஒரு எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. அதன் வேலை, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. குறைந்தால் கழுத்தில் இருக்கிற தைராய்டைப் பார்த்துக் குரல் கொடுக்கும், இன்னும் கொஞ்சம் சுரந்து அனுப்பு என்று. அந்தக் குரல்தான் டிஎஸ்எச். தெருவில் விளையாடுகிற பிள்ளை முதல் குரலுக்கே வந்துவிட்டால் தாய் ஏன் தொண்டை கிழியக் கத்தப் போகிறாள்? வராவிட்டால்தான் குரல் ஏறும். 0.4 முதல் 4 வரை என்பது சாதாரணமாகக் கூப்பிடுகிற குரல் (லேபுக்கு லேப் இந்த எல்லை கொஞ்சம் மாறும்). 54 என்றால் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள், தெருவிலிருந்து பதிலே இல்லை. ஆகவே "ஹை" என்று சிவப்பில் அச்சாகியிருப்பது கூப்பாடு, அம்மா உடம்பில் ஹார்மோன் இருப்பது கீழே, மிகவும் கீழே.

இன்னொன்றும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை, கிட்டத்தட்ட நூறு மடங்கு வரை போகக்கூடும். அந்த அளவுக்குப் பிட்யூட்டரி உன்னிப்பானது. அதனால்தான் நாங்கள் இந்த ஒரு எண்ணை இவ்வளவு நம்புகிறோம். அதே காரணத்தால், 38-லிருந்து 54 ஆகிவிட்டதே, நோய் ஒன்றரை மடங்கு முற்றிவிட்டதா என்று கணக்குப் போட வேண்டியதும் இல்லை.

அம்மாவின் வயதில் இதே கதை இன்னொரு இடத்திலும் நடக்கும். சினைப்பை ஓய்வெடுக்க ஆரம்பிக்கும்போது அதைக் கூப்பிடுகிற பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்எஸ்எச் ஏறும், மாதவிலக்கு நிற்கிற நேரத்தில் டெஸ்ட் எடுத்தால் அதையும் "ஹை" என்றுதான் போடுவார்கள். எல்லாச் சுரப்பிக்கும் பிட்யூட்டரிதான் எஜமான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணையம் ரத்தத்தில் சர்க்கரையைத் தானே பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும். தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரிசி மணி அளவு பாராதைராய்டுகள் கால்சியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆனால் தைராய்டும், பிறகு நான் சொல்லப்போகிற அட்ரினலும் பிட்யூட்டரியின் குரலுக்குக் கட்டுப்பட்டவை. உங்கள் அம்மா விஷயத்தில் அதுதான் முக்கியம்.

மீன் சாப்பிடும் வீட்டில் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, கரையோரத்து ஆட்கள் பலரும் என்னிடம் கேட்டதுதான். ஒரு டி4 மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன, டி3-யில் மூன்று. அயோடின் இல்லாமல் தைராய்டு ஒன்றும் செய்ய முடியாது. இமயமலை அடிவாரத்தில் மழையும் பனியும் மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போனதால்தான் அங்கே ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்தது, அதற்காகத்தான் 1962-இல் நாட்டில் அயோடின் உப்புத் திட்டம் தொடங்கியது. வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 150 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. கடல் மீனும் பாக்கெட் உப்பும் சேர்ந்தால் அது கிடைத்துவிடும். உங்கள் வீட்டில் குறை அயோடினில் இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தைராய்டையே அந்நியம் என்று எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கின்றன. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, குடும்ப வழியாகவும் வரும், அதனால் உங்கள் அக்கா தங்கைகள் இருந்தால் அவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, முக்கியமாகக் குழந்தைக்குத் திட்டமிடும்போது. அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், இந்த வகை நோயில் அதிகப்படி அயோடின் நிலைமையைக் கெடுக்கவும் கூடும். குழம்புக்கு மரக்காணம் கல் உப்புதான் ருசி என்று அம்மா சொன்னால், தினச் சமையலுக்காவது அயோடின் சேர்த்த உப்பைப் போடச் சொல்லுங்கள்.

ஆயுசுக்கும் மாத்திரையா? பெரும்பாலும் ஆமாம். இதை அம்மாவிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று யோசித்தேன். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஐஸ் போட்ட சங்கரா நாலு மணி நேரமாகக் கெடாமல் கண் பளபளவென்று இருக்கிறது, சரி, மீன்தான் நன்றாக இருக்கிறதே என்று ஐஸை எடுத்து வெளியே கொட்டிவிடுவீர்களா? 2.6 என்று வந்தது மாத்திரை உள்ளே இருந்ததால் வந்த 2.6. நிறுத்தியதும் உடனே ஒன்றும் ஆகாது, ஏனென்றால் டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். முதல் வாரம், இரண்டாம் வாரம் நன்றாகவே இருந்திருப்பார், "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன்" என்று சொல்லியும் இருப்பார். அந்த இரண்டு வாரம்தான் பலரை ஏமாற்றுகிறது.

ஆயுசுக்கும் மாத்திரை என்பதைத் தண்டனை மாதிரி நினைக்காதீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து ஊசியாகப் போட்டார். அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது, உடம்பெல்லாம் வீங்கி, மந்தமாகி, மெல்ல மெல்லச் சாவதுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்து 74-ஆம் வயதில் இறந்தார், அத்தனை வருடத்துக்கும் சேர்த்து 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது. உங்கள் அம்மாவுக்குத் தேவை சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. அதில் இருப்பது அவர் கழுத்து சுரந்திருக்க வேண்டிய அதே டி4, வேறு எதுவும் இல்லை. உடம்புக்கு அந்நியமான மருந்தென்று பயப்பட அதில் ஒன்றும் கிடையாது.

அந்த டி4-ஐ முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் கெண்டால் என்ற அமெரிக்க வேதியியலாளர், 1914 டிசம்பர் 25 அன்று. இவரைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே கெண்டால்தான் பிற்பாடு அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசோனையும் பிரித்தார். 1948 செப்டம்பரில் அவரோடு வேலை செய்த ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு அதை ஊசியாகப் போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. உலகமே அதிசயித்தது. தொடர்ந்து போட்டால் அந்த மருந்து உடம்பை என்னவெல்லாம் செய்யும் என்பது அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

"அதைப் போட்டால்தான் நடக்க முடிகிறது" என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

கடையில் அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல், காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற மூட்டு வலி செட் மாத்திரைகளில் பல நேரம் அந்தக் கார்டிசோன் வகையைச் சேர்ந்த ஒரு ஸ்டீராய்டு இருக்கும், பிரட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். எல்லா செட்டிலும் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளில் வலி பறந்து, பசி கூடி, விட்டால் இரண்டு நாளில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். இனி அட்ரினலுக்கு வருகிறேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற இரண்டு சின்னச் சுரப்பிகள், ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். கார்டிசால் அங்கிருந்துதான் வருகிறது. ரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை இறங்காமல், காய்ச்சலையும் அடியையும் அதிர்ச்சியையும் உடம்பு தாங்குவது அதனால்தான். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் நம் கரையில் ஏறியபோது கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்றால், பெரும்பங்கு இந்த இரண்டு சுரப்பிகளிலிருந்து.

உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கிற கார்டிசால், மாத்திரைக் கணக்கில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். செட் மாத்திரையில் அதைவிட அதிகமாகத் தினமும் போய்க்கொண்டிருந்தால் பிட்யூட்டரி என்ன செய்யும்? தைராய்டு விஷயத்தில் பார்த்த அதே ஒழுங்குதான்: தேவைக்கு மேலேயே ஓடுகிறதே என்று அட்ரினலைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். கூப்பிடுவார் இல்லாத அட்ரினல் தூங்கிப்போகும், மாதக்கணக்கில் போனால் சுருங்கியும் போகும். அப்போது திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அதனால்தான் இன்றோடு நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அட்ரினலை எழுப்பித்தான் நிறுத்த வேண்டும், அதற்குச் சில வாரமும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பழைய பாட்டிலைத் தொட வேண்டாம் என்றதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் உடம்பின் எல்லா வேலையையும் வேகப்படுத்தும், இருக்கிற கார்டிசாலைச் செலவழித்து வெளியேற்றுகிற வேகத்தையும் சேர்த்துத்தான். தைராய்டு மந்தமாக இருக்கும்வரை கொஞ்சம் கார்டிசாலை வைத்துக்கொண்டு உடம்பு சமாளிக்கும். தூங்குகிற அட்ரினலை எழுப்பாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்து, செட் மாத்திரையும் நின்றுபோனால், அந்தக் கொஞ்சமும் காலியாகி ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம். நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தேன், வேறு மருந்து உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார், விட்டுவிட்டேன். பத்தாவது நாள் இரவு வாந்தியோடு, கை கால் ஜில்லென்று, நாடி பிடிக்கக் கிடைக்காமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தைச் சீனியர் நர்ஸ்தான் அவிழ்த்து என்னிடம் காட்டினார், மூன்று மாத்திரை, அதில் ஒன்று ஸ்டீராய்டு. தைராய்டு மாத்திரை புதிதாக ஆரம்பித்திருக்கிறதே என்று அந்த அம்மாவே அதை நிறுத்திவைத்திருந்தார். ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் ஏறி விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து வேறு மருந்து உண்டா என்று மட்டும் நான் கேட்பதில்லை. மூட்டு வலிக்கு என்ன, தூக்கத்துக்கு என்ன, கடையில் கேட்டு வாங்குவது என்ன, பொடி ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், ஏனென்றால் செட் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்களும் சேர்க்கவில்லை பாருங்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். முகம் உப்பியிருக்கிறது என்றீர்கள். தைராய்டு குறைவில் கண்ணைச் சுற்றி உப்பும், தோல் வறண்டு தடித்து வெளிறியிருக்கும், புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கலாம். ஸ்டீராய்டில் கன்னம் இரண்டும் நிலா மாதிரி உருண்டு சிவந்திருக்கும், தோல் மெலிந்து, கூடை உரசுகிற கையிலும் முன்னங்கையிலும் லேசாக இடித்தாலே கறுத்த ரத்தக்கட்டு தெரியும். இரண்டும் கலந்தும் இருக்கலாம், அதனால் நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம், பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்புச் சத்துகள் பார்ப்பார், தேவைப்பட்டால் காலை எட்டு மணிவாக்கில் கார்டிசாலும், வயதுக்கு ஒரு ஈசிஜியும் எடுக்கச் சொல்வார். ஒரு வருடத்துக்கும் மேலாகத் தைராய்டு ஹார்மோன் போதாமல் மெதுவாக ஓடிப் பழகிய இதயம் என்பதால், பழைய 75-லேயே ஆரம்பிக்காமல் 25-லிருந்து கூட ஏற்றலாம். குறைத்துக் கொடுக்கிறாரே என்று நினைக்காதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் வருத்தமானது வேறு. மூட்டு வலி, சதை வலி, காலையில் விறைப்பு, கை மரத்துப்போவது, இவை எல்லாம் தைராய்டு குறைந்தாலே வரும். மாத்திரையை நிறுத்தியதால் வந்த வலிக்கு அம்மா செட் மாத்திரை வாங்க ஆரம்பித்திருக்கவும் கூடும். தேதிகளைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், நிறுத்தி மூன்று நான்கு மாதத்தில் வலி வந்ததா என்று. அப்படியானால் தைராய்டு சரியாகும்போது வலியும் ஓரளவு விடும், ஸ்டீராய்டைக் குறைப்பதும் சுலபமாகும்.

டாக்டர் மாத்திரையை ஆரம்பித்த பிறகு நேரம்தான் முக்கியம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, டீக்கும் காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். உங்கள் அம்மாவுக்கு இது சுலபம்: மூன்று மணிக்கு எழுந்ததும் சொம்பில் தண்ணீர் மொண்டு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பினால், துறைமுகத்தில் ஏலம் கேட்டு முதல் டீ குடிக்க நாலு மணிக்கு மேல் ஆகிவிடும். இரவில் போடுவது அவருக்குச் சரிவராது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், அதற்குள் அவர் தூங்கியிருப்பார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, புளித்த ஏப்பத்துக்குக் குடிக்கிற மருந்து, இவற்றுக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே ஏறாது. அவற்றை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், ஏழு நாள் கணக்குதான் சொன்னேனே. பாட்டிலை அடுப்பு மேடையிலோ வெயில் விழுகிற ஜன்னலிலோ வைக்காதீர்கள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கிற அன்று ரத்தம் எடுத்த பிறகு மாத்திரையைப் போடட்டும், முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதும் போட்டால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது எண்ணையே மாற்றிக் காட்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சமைத்துச் சாப்பிடலாம், அந்தப் பயம் வேண்டாம்.

அளவை மாற்றினால் அடுத்த டெஸ்ட் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. அதற்கு முன்னால் எடுத்தால் பிட்யூட்டரி இன்னும் பழைய குரலிலேயே கத்திக்கொண்டிருக்கும், வீண் செலவு. சீக்கிரம் சரியாகட்டும் என்று இரண்டாகப் போட வேண்டாம். அதிகமானால் நெஞ்சு படபடப்பும் நாடித் துடிப்பில் ஒழுங்கின்மையும் வரும், மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பும் தேயும், ஏற்கெனவே ஸ்டீராய்டு வேறு எலும்பை அரித்திருக்கலாம்.

மலச்சிக்கலும் களைப்பும் முதலில் விடும், இரண்டு மூன்று வாரத்திலேயே அம்மா சொல்வார். உப்பல் அதற்குப் பிறகு. குரல் கடைசியில்தான் திரும்பும், குரல்வளையில் கட்டியிருக்கிற நீர் வடிய மூன்று நாலு மாதம் கூட ஆகலாம், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் மறுபடியும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த செட்டில் என்ன மாத்திரை இருந்தது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி.